நான் சொல்லிவந்த கோயில்

மலாயாவில், லூபோக் சீனாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் எங்களையும் சேர்த்து ஏழே கிறிஸ்தவக் குடும்பங்கள். மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களுக்கென்று, கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. மண் தரை, நீளமாக விரிக்கும் பாய்கள், ஒரு மேசை. மாதத்தில் ஒரு ஞாயிறு மலாக்காவிலிருந்து பிரசங்கம் செய்ய உபதேசியார் வருவார். அங்கே தெங்கேரா என்ற பகுதியில் குடியிருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி, மீதித் தூரத்தைச் சடக்கு என்கிற தோட்டத்துச் சாலை ஓரமாக நடந்தே வந்துவிடுவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி, ஜெபித்து, சாட்சி சொல்லிக் கலைவோம்.

சாட்சி என்றால், அந்த வாரத்தில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவது. ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும். ஒருவர் பால் வெட்டப்போன வெட்டுக்காட்டில் பாம்பை மிதிக்காமல் தப்பியிருப்பார். இரண்டு வரியில் முடித்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் எழுந்தால் அரைமணி நேரம் ஆகும். நான் அந்த வாரத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஊரில் இருந்த எங்கள் வேதக் கோயிலைப் பற்றித்தான் பேசுவேன்.

தென்பாண்டிச் சீமையில், இரண்டு மைல் தள்ளி வரும்போதே கண்ணில் படும் வெள்ளைக் கோபுரம் எங்கள் கோயிலுக்கு. அதை ஒட்டி எங்கள் வீடு. மணி அடித்ததும் அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருவார். அறுப்பின் பண்டிகைக்கு ஊரே கூடிச் சாப்பிடும்போது அப்பாதான் பந்தி விசாரிப்பார். இப்படிச் சொல்லிக்கொண்டே போவேன். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். தோட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால் அதற்குக் காரணம் நான் பார்த்த வேலை அல்ல. புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு அடியில் விறகு எரிக்கிறவனுக்கு யார் மரியாதை தருவார்கள்? மரியாதை அந்தக் கோயிலுக்குத்தான்.

ரப்பர் விலை விழுவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஊரிலிருந்து புதிதாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், கூட அவன் மனைவி. முதல் ஞாயிறு உபதேசியார் அவனை எழுப்பி, எந்த ஊர் என்று கேட்டார். அவன் சொன்ன பெயரைக் கேட்டதும் நான் பாயில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அவர்களுக்கும் அதே கோயில்தான்.

கொட்டகையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். "அண்ணே, உங்க ஊரு ஆளே வந்துட்டாருலா! இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லலாம்!"

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி யாரு வீடு?"

"கோயிலுக்குப் பக்கத்துல," என்றேன்.

"கோயிலுக்குப் பக்கத்துலயா?" என்றான். "சரி, சரி" என்று தலையசைத்துவிட்டு வாசலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இல்லை, கீழத்தெருவின் கடைசியில் இருந்தது. அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தது எங்கள் தெரு. ஆனால் கோயிலுக்குள் நாலாவது தூணைத் தாண்டி நாங்கள் போகக் கூடாது. தூணுக்குப் பின்னால் நின்றுதான் ஆராதனை. பண்டிகைச் சாப்பாட்டில் எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு வெளியே வேப்பமரத்தடியில் எங்களுக்கு ஊற்றுவார்கள். அப்பா முன்வரிசையை நின்று பார்த்ததுதான் உண்டு.

தோட்டத்துக்கு வந்த புதிதில் ஒருவன், சோற்றுக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள்தானே நீங்கள் என்று கேலி செய்தான். அவனுக்குப் பதில் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். பிறகு எழுப்ப முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தது. சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த வீடும் அந்த இடமும் நிஜமாக ஞாபகத்தில் இருக்க ஆரம்பித்தன. ஏக்கம்கூட நிஜந்தான். இல்லாத ஒன்றுக்காக ஏங்கினேன் என்பதுதான் விஷயம்.

அவன் வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அவன் எங்கே நிற்கிறான், யாரோடு பேசுகிறான் என்றே கண் போகும். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தான். நான் போனதும் சிரிப்பு நின்றது. என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டினேன். இன்னொரு நாள் என் மனைவியிடம், "அண்ணாச்சி எந்தத் தெருன்னு சொல்லியிருக்காவளா?" என்று கேட்டிருக்கிறான். எதற்குக் கேட்கிறான்? என் கழுத்தில் கயிறு போடத்தானே? அவன் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்து ஒரு கிண்ணத்தில் அனுப்பினாள். ஊர் மணம் மூக்கில் ஏறியது. திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"குழம்பு என்னங்க பண்ணிச்சு?" என்றாள் என் மனைவி.

"அவன் நம்மள வேவு பாக்குறான்."

"வேவு பாக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

அவளுக்கும் நான் முன்வரிசைக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவள் இங்கேயே, புக்கிட் பெருவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை.

சாட்சியில் கதையைக் குறைத்துக்கொண்டேன். உடனே, ஏன் குறைத்தான் என்று யோசிப்பார்களே என்று பயம் வந்து, அடுத்த வாரம் மறுபடி நீட்டினேன். அவன் வாசலோரம் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை. அதுதான் என்னைத் தின்றது. வாய் திறக்காதவன் எதையோ சேர்த்து வைக்கிறான் என்று தோன்றியது.

ஒரு மாதம் உபதேசியார் பிரசங்கத்தில், "விட்டு வந்த இடத்தையே திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ஆண்டவர் தட்டுல வச்சது நமக்குத் தெரியாமப் போயிடும். நன்றி சொல்றதுக்கு இன்னைக்குக் கண்ணு தெரியணும்" என்றார். எங்கோ பொதுவாகத்தான் சொன்னார். நான் சட்டென்று வாசலைப் பார்த்தேன். இவன் உபதேசியாரிடம் சொல்லிவிட்டான், அவர் ஜாடையாக என்னைக் குத்துகிறார் என்று நினைத்தேன். பிரசங்கம் முடிந்து அவர் கை கொடுத்தபோது அந்தக் கையைக்கூடச் சந்தேகத்தோடுதான் பிடித்தேன். தோட்டத்தில் நன்றியைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஒரு எரிச்சல் வேறு. நன்றியுள்ள கூலி என்றால் துரைக்குத்தான் லாபம்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெரிய கிராணி, தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, ஷீட்டுகளைப் பார்க்கப் புகைக் கொட்டகைக்கு வருவார். அவரிடம் ஒருநாள், புதிதாக வந்தவன் சண்டைக்காரன், லயத்தில் ஆட்களை மூட்டிவிடுகிறான் என்று சொன்னேன். அவன் குரலை உயர்த்திப் பேசியதைக்கூட நான் கேட்டதில்லை. அடுத்த வாரமே அவனையும் அவன் மனைவியையும் மேல் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அது மூன்று மைலுக்கு அப்பால், காட்டை ஒட்டி இருந்தது. குழாய் கிடையாது. ஆற்றில் இறங்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, மழையில் நனைந்து, கால் முழுக்கச் செம்மண்ணோடு வாசலோரம் வந்து உட்கார்ந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். மூன்று மைல் வந்து, மூன்று மைல் போவான். ஒரு மனிதன் ஜெபத்துக்காக மட்டும் இப்படி நடப்பானா? எனக்காகத்தான் வருகிறான் என்று என் சந்தேகம் இன்னும் ஊறியது.

ரப்பர் விலை விழுந்தது. பால் மரம் வெட்டுவதைப் பாதியாகக் குறைத்தார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒருநாள் பெரிய கிராணி என்னை ஆபீஸ் ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"உன் பேர எழுதிக்கவா? முதல் கப்பல்லயே போயிடலாம்."

"என்னையா ஐயா?"

"பின்ன? ஊர்ல உனக்குக் கோயில் பக்கத்துல சொந்த வீடு. பெரிய குடும்பம். ஒண்ணுமில்லாதவன அனுப்பறதவிட உன்ன அனுப்பறதுதானே நியாயம்?"

"யாருங்க ஐயா சொன்னது?"

"யாரு சொல்லணும்? தோட்டமே சொல்லுதுலா."

போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஒரே முகந்தான் கண்ணில் நின்றது. இவன்தான் கிராணியின் காதில் ஓதியிருக்கிறான், நான் செய்ததற்குப் பழி வாங்குகிறான் என்று உறுதி செய்துகொண்டேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்தாள். எனக்கு அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"போக வேண்டியதுதானே?" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தக் கோயிலத்தான் கேக்குறேன். சோத்துக்கு முன்னால ஜெபம் பண்ணாலும் ஊரு அரிசி மாதிரி வராதுன்னுதான் ஆமென் சொல்றீங்க. இந்தக் கொட்டகைய ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? இங்க இருக்கற எதுவும் உங்களுக்குப் பத்தல. அதுல நானும்தான் இருக்கேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அந்தக் கோபத்தையும் அவன் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்த பிறகு மேல் டிவிஷனுக்கு நடந்தேன். அன்று அவன் ஜெபத்துக்கு வரவில்லை. குற்றமுள்ளவன் ஒளிகிறான் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் லயத்து வாசலில் ஒரு தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரப் பலகையை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"கிராணிகிட்ட என்னப்பத்தி என்ன சொன்ன?"

"நான் என்னத்த சொல்ல, அண்ணாச்சி?"

"என் வீட்டப்பத்தி. ஊரப்பத்தி."

"நீங்க சொன்னதத்தான் எல்லாரும் சொல்லுதாங்க. நான் ஒரு வார்த்தையும் சொல்லல்ல." துணியைக் கீழே வைத்தான். "சொல்லணும்னா வந்த அன்னிக்கே சொல்லியிருப்பேன். உங்க முகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அப்படியே உங்க அப்பா."

வந்த வழியே திரும்ப ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"அவர எனக்குத் தெரியும். கோபுரத்துக்கு வெள்ளையடிக்கப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாரத்துல நிப்போம். அவரு செத்தப்போ பெட்டிய தூக்கின நாலு பேருல நானும் ஒருத்தன். அதச் சொல்லத்தான் யாரு வீடுன்னு கேட்டேன். நீங்க கோயிலுக்குப் பக்கத்துலன்னு சொன்னதும் வாய மூடிக்கிட்டேன். அதுக்குப் பெறகு எப்ப வந்தாலும் முகத்தத் திருப்பிக்கிட்டீங்க."

அப்பா இறந்த செய்தி எனக்குக் கடிதத்தில் இரண்டு வரியாக வந்தது. யார் தூக்கினார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் கீழத்தெரு வந்துவிடும்.

"அப்ப ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். "நீங்க சொல்லும்போது கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. உங்க அப்பாவ முன்வரிசையில உக்கார வச்சீங்கல்லா, பக்கத்துல எங்க அப்பாவையும் வச்சுப் பாத்துக்கிடுவேன்." பிறகு சொன்னான்: "ஆனா அவருக்கு அது வேண்டாம்னுதான் இருந்திச்சு, அண்ணாச்சி. நம்ம ரெண்டு ஊருக்கும் சேத்துக் கீழத்தெருவுல வெள்ளிக்கிழம ஜெபக்கூட்டம் நடக்கும். அதுல உங்க அப்பா வாராவாரம் ஒரே சாட்சிதான். என் மகன் அக்கரையில எல்லாரோடயும் ஒரே பாயில உக்காந்து ஆராதன பண்ணுதான், அதுக்காக ஸ்தோத்திரம். நாங்க கேலிகூடப் பண்ணுவோம், வேற சாட்சியே கிடையாதாய்யான்னு. நீங்க எழுதின கடுதாசியாம். ஊரு உபதேசியார விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பாரு."

அந்தக் கடிதத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். அவன் சொல்லச் சொல்லத்தான் எழுந்தது. வந்த முதல் வருடம், எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதச் சொன்னேன். அப்பா, இங்கே தூண் கிடையாது, எனக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். சொல்லிவிட்டு, அதையே இன்னொரு தடவை எழுதுங்கள் என்று நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் தொலைத்துவிட்டு, ஒருநாளும் இல்லாத முன்வரிசையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். நான் இங்கே உட்கார்ந்து அந்தக் கோயிலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கோயிலின் தூணுக்குப் பின்னால் நின்றவர் இந்தக் கொட்டகைக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் பொய்யில் நான் காணாமல் போக்கியது அவரைத்தான்.

"ஆறு மைல் நடந்து ஏன் வந்த?" என்று கேட்டேன்.

"மொத நாள் உபதேசியாருகிட்ட, ஐயா நான் எந்தப் பக்கம் உக்காரணும்னு கேட்டேன். எங்க வேணும்னாலும்னு சொன்னாரு. அதுக்குத்தான் நடக்கேன். வாசல்ல உக்காருறது பழக்கதோஷம், அம்புட்டுதான்."

பலகையில் உட்கார்ந்தேன். அவன் மனைவி உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டே, "உங்கள இங்க மாத்தச் சொன்னது நான்தான்," என்றேன். "கிராணிகிட்டப் பொய் சொன்னேன்."

அவன் முகம் மாறவில்லை. அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாது.

"நீங்கதானா அது?" என்றாள். "ஏழு மாசப் புள்ளய வயித்துல வச்சிக்கிட்டு அந்த ஆத்து மேட்டுல தண்ணி சுமந்தேன். தங்கல்ல அது." குவளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் குடித்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தகரப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். மேல் டிவிஷனை அடைக்கிறார்கள், அங்கே இருக்கிற எல்லாரும் கப்பலுக்கு என்றான். கீழே இருந்திருந்தால் அவன் பெயர் வந்திருக்காது.

மறுநாள் கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீடு பொய், அவனைப் பற்றிச் சொன்னதும் பொய், அவனுக்குப் பதில் என்னை அனுப்புங்கள் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போன வாரம் போகமாட்டேன்னு முழிச்ச. இந்த வாரம் போறேங்கற. எது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? லிஸ்டு போயிடுச்சு, போ." என்னை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அவன் கடைசியாக வந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். வழக்கம்போல எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கீழத்தெருவைச் சொன்னேன், தூணைச் சொன்னேன், வேப்பமரத்தடியைச் சொன்னேன். அவனுக்குச் செய்ததையும் சொன்னேன். பிறகு, "இந்த மண் தரைக்காகவும், எனக்கு முன்னாலயே இதுக்கு நன்றி சொன்ன எங்க அப்பாவுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. வெளியே வரும்போது ஒருத்தி, "அந்தப் பழைய கதையே நல்லா இருந்திச்சுலா" என்று முணுமுணுத்தாள். சிலர் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. பொய் சொன்னதற்கா, தெருவுக்காகவா என்று அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். கேட்கவில்லை.

அவனை முன்னால் வந்து உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றான். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். அவன் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை.

அடுத்த வருடம் புகைக் கொட்டகை வேலையும் போய், நாங்கள் தெங்கேராவில் ஒரு மளிகைக் கடையின் பின்புறம் குடியேறினோம். நான் அங்கே மூட்டை இறக்கினேன். ஜெபத்துக்கு என் மனைவி ஒரு சட்டம் வைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்தோத்திரம் சொல்வதென்றால் அன்றைக்கு நடந்ததை மட்டுந்தான் சொல்ல வேண்டும், அதுவும் இந்த ஊரில் நடந்ததாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு ஒன்றுமே கிடைக்காது. வாய் பழைய வழியிலேயே போகும். அப்பாவுக்காக என்று நெகிழ்ந்து ஆரம்பித்தாலும், இதுவும் எங்காவது கதையாக வளர்ந்துவிடுமோ என்று என்னையே நான் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் மாலை, பக்கத்துச் சீனக் கடைக்காரர் என் தோள் புண்ணைப் பார்த்து ஒரு தைலம் கொடுத்தார் என்று சொல்லி ஸ்தோத்திரம் செய்தேன்.

கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்: "இது இன்னைக்கு நடந்ததா?"

"இன்னைக்குத்தான்."

"நெசமா?"

சட்டையை விலக்கித் தோளைக் காட்டினேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், குனிந்து முகர்ந்தும் பார்த்தாள். பிறகுதான் ஆமென் சொன்னாள்.